நாலரை மணிப் பசி

பள்ளி வேன் எங்கள் ஊருக்குச் சாலை பிரிகிற இடத்தில், எங்கள் பிரிவில் வந்து நிற்கும்போது மணி நாலு இருபது ஆகியிருக்கும். இறங்குகிற இடத்திலேயே ஒரு பேக்கரி, அதை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. கடையின் முகப்பில், பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில், அஞ்சு ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். வேனிலிருந்து இறங்குகிற பத்துப் பதினைந்து பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை. முதுகில் பையோடு நேரே அங்கேதான் போவார்கள். கையில் இருக்கிற பத்து ரூபாய், காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் அம்மாவோ அப்பாவோ கொடுத்துவிட்டுப் போனது.

இது அவிநாசிப் பக்கத்துக் கதை மட்டும் அல்ல. பல்லடம், பெருந்துறை, திருச்செங்கோடு, பொள்ளாச்சி என்று எந்தச் சாலையில் அந்த நேரத்துக்குப் போனாலும் இதே காட்சிதான்.

பாக்கெட் தீனியை விட்டுப் பிள்ளைகளை வீட்டுச் சாப்பாட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கிற பெற்றோர் எல்லாரும் ராத்திரித் தட்டைப் பற்றியே பேசுகிறார்கள். கீரையைத் தொடமாட்டேன் என்கிறான், கொள்ளு என்றாலே ஓடுகிறாள், மூன்று வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள். நானும் வருடக் கணக்கில் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். சண்டை நடக்கிறது என்னவோ ராத்திரி எட்டு மணிக்குத்தான். ஆனால் அது தொடங்குவது நாலரை மணிக்கு என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வெளியே கொடுத்துவிட்டேன். நாளையிலிருந்து வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்று அறிவித்தேன். நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் சின்னவளின் பள்ளிப் பைக்குள் நாலாக மடித்த காலி உறை கிடைத்தது. கேட்டதற்கு, வேனில் கூட வருகிற பிள்ளை கொடுத்தது என்றாள். அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஏழு வயதுப் பிள்ளை என்னிடம் ஒளித்துத் தின்கிற நிலைக்கு வந்துவிட்டாளே என்பதுதான் பெரிய வலி. அதன் பிறகு ஒரு வாரம் எதையும் மாற்றாமல், என்ன நேரத்துக்கு என்ன தின்கிறார்கள் என்று மட்டும் குறித்து வைத்தேன். காலை ஏழரைக்கு அவசர அவசரமாக ஒன்றரை தோசை. மதிய டப்பாவில் பாதி திரும்பி வருகிறது. நாலரைக்குப் பாக்கெட், அப்புறம் ஒரு பப்ஸ். ஆறு மணிக்கு மறுபடி பிஸ்கட்டும் பாலும். எட்டு மணிக்குச் சோறு வேண்டாம். ஆறு மணி வரை வயிறு நிரம்பிய பிள்ளைக்கு எட்டு மணிக்கு எப்படிப் பசிக்கும்?

சரி, அந்தப் பாக்கெட்டுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

பதப்படுத்திய உணவு என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் திட்டுவது நியாயம் இல்லை. தயிர் பதப்படுத்தியதுதான். அப்பளம், வற்றல், ஊறுகாய், செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், ஊத்துக்குளி வெண்ணெய், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை எல்லாமே ஒரு வகையில் அப்படித்தான். பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்லோஸ் மொன்தேய்ரோவும் அவர் குழுவினரும் 2009 வாக்கில் முன்வைத்த நோவா என்கிற வகைப்பாடு இதைத் தெளிவாக்குகிறது. அதில் நாலு படிகள். முதலாவது, அரிசி, பருப்பு, காய், பால், முட்டை போல அப்படியே இருப்பவை அல்லது லேசாகச் சுத்தம் செய்தவை. இரண்டாவது, எண்ணெய், உப்பு, சர்க்கரை போலச் சமையலுக்குச் சேர்ப்பவை. மூன்றாவது, இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிற ஊறுகாய், பாலாடைக்கட்டி போன்றவை. நாலாவதுதான் நம் பேச்சுக்கு உரியது. வீட்டு அடுப்படியில் எந்நாளும் இல்லாத பொருள்களை, அதாவது மாற்றம் செய்த மாவுச்சத்து, சுவைகூட்டி, நிறமி, மணச்சாறு, எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்கவைக்கிற குழம்பாக்கி போன்றவற்றைச் சேர்த்து ஆலையில் உருவாக்குகிற தீனி. இதைத்தான் அதீதமாகப் பதப்படுத்திய உணவு என்கிறார்கள்.

இந்த நாலாவது வகை ஏன் அதிகமாக உள்ளே போகிறது என்பதற்கு 2019-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு செய்த சோதனை நல்ல விளக்கம் தருகிறது. 20 பெரியவர்களை நாலு வாரம் அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் அதீதப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் வகை சாப்பிட்ட நாள்களில் அதே ஆள்கள் தினமும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அது எட்டு இட்லிக்குப் பக்கம். இரண்டே வாரத்தில் எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவு சாப்பிட்ட இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. வேகமாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். இது பெரியவர்களிடம் செய்த சோதனை, பிள்ளைகளிடம் செய்தது இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வேகம் என்கிற அந்த ஒரு விஷயம் எந்த வீட்டிலும் கண்ணால் பார்க்கக்கூடியது. மெல்ல வேண்டிய வேலையே இல்லாமல் வாயில் கரைகிற தீனியை, வயிறு போதும் என்று சொல்வதற்குள் முடித்துவிடலாம். அவித்த கடலைக்காயை அப்படி முடிக்க முடியாது. உரிக்கணும், மெல்லணும்.

பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது சட்டம். ராகி பிஸ்கட் என்று முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கம் முதல் சொல் கோதுமை மாவோ மைதாவோ, இரண்டாவது சர்க்கரை, அப்புறம் பாமாயில். ராகி எங்கோ கீழே இருந்தால் அது ராகித் தீனி இல்லை. சோடியம் என்று போட்டிருக்கிற அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்றுதான் சொல்கிறது. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. 627, 631 என்று எண்கள் தெரிந்தால் அவை சுவைகூட்டிகள். அவை விஷம் என்று நான் சொல்லமாட்டேன். தக்காளியிலும் காளானிலும் அந்தச் சுவையின் உறவுக்காரப் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. ஆனால் மைதாவையும் உப்பையும் எண்ணெயையும் அளவில்லாமல் தின்னவைக்க அந்த எண்கள் உதவுகின்றன.

அதேபோல, பாலில் கலக்குகிற மால்ட் பொடிகள். சுத்தமான எருமைப்பால் கிடைக்கிற ஊரில்கூட, பொடி போடாத பாலைப் பிள்ளை குடிப்பதில்லை. சத்துபானம், ஆரோக்கிய பானம் என்ற தலைப்பில் இந்தப் பொடிகளை இணையத்தில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் மத்திய வணிக அமைச்சகமும் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தின. ஆரோக்கிய பானம் என்று ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் கிடையாது. பொடியைத் தினம் கால் ஸ்பூன் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் வெறும் பால் பழகிவிடும். எங்கள் வீட்டில் பழகியது.

இனி, இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு வருகிறேன். அம்மாக்களுக்குச் சோம்பல் என்று கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கொங்குநாட்டின் மேட்டுக்காடுகளில் முன்பு விளைந்தது சோளம், கம்பு, ராகி, கொள்ளு, தட்டைப்பயறு, கடலைக்காய். பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிந்தது, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அதற்கப்புறம் பரம்பிக்குளம் – ஆழியாறு தண்ணீர் வந்தது. காடுகள் பல தோட்டங்கள் ஆயின. நெல்லும் கரும்பும் மஞ்சளும் தென்னையும் வந்தன. ரேஷன் அரிசி வந்தது. ஆகவே கம்மஞ்சோறும் ராகிக் களியும் அடுப்பை விட்டு இறங்கியது பாக்கெட் வருவதற்கு வெகு முன்பே. அரிசிச் சோறு சாப்பிடுவது கௌரவம் என்று இருந்த காலம் அது. அந்த ஆசையை நான் குறைசொல்லவில்லை.

அப்புறம் வேலை மாறியது. திருப்பூரில் பனியன் கம்பெனி, சோமனூரிலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி, கோவையில் மில்லும் பம்பு ஒர்க்ஷாப்பும். வீட்டில் இருவரும் வேலைக்குப் போனால்தான் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட முடியும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற அம்மா வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகிறது. தோட்டத்து வீட்டில் எல்லாரும் இருந்த நாளில் சாயங்காலம் பால் கறக்கிற நேரத்துக்குப் பிள்ளைக்கு ஏதாவது கையில் கிடைக்கும். அவித்த கடலைக்காய், வேகவைத்த குச்சிக்கிழங்கு, தை மாதமானால் பனங்கிழங்கு, சந்தைக்குப் போன அப்பாரு, அதாவது தாத்தா, வாங்கி வந்த பொரிகடலை. அதை யாரும் சத்துணவு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைக்குப் பசிக்கும் என்று தெரிந்து கொடுத்தார்கள். அந்த ஆள் இப்போது அந்த நேரத்துக்கு வீட்டில் இல்லை. அந்த இடத்தில் கடைக்காரர் நிற்கிறார். நாலரை மணிக்குத் தவறாமல் திறந்திருக்கிற ஒரே அடுப்படி அவருடையது.

கொங்குநாட்டுப் பேக்கரிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தேங்காய் பன், தேன் கேக், பப்ஸ் என்று ஊருக்கு நாலு பேக்கரி. பெரியவர்களுக்கும் அதுதான் கூடுகிற இடம். கோவையில் தள்ளுவண்டிக் காளான் வேறு. முட்டைக்கோஸும் காளானும் மாவில் முக்கிப் பொரித்து, பிய்த்து, மசாலாக் குழம்பில் போட்டுத் தருவது. என் பிள்ளைகளுக்கு உயிர். எனக்கும் பிடிக்கும். இவற்றை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தினமும் நாலரைக்கு அதுவே சாப்பாடாக இருப்பதுதான் பிரச்சினை. தொழிற்சாலை வனஸ்பதியிலிருக்கும் கெட்ட கொழுப்பை, அதாவது டிரான்ஸ் கொழுப்பை, 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஆணையம் கட்டுப்படுத்தியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் மைதாவும் சர்க்கரையும் உப்பும் அப்படியே இருக்கின்றன.

எங்கள் வீட்டில் முதலில் மாற்றியது அந்த ஒரு வேளையைத்தான். ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி ஒரு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேனிலிருந்து இறங்கியதும் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. தூக்குப்போசியில் போட்டு மேஜையில் மூடி வைத்தால், பத்து வயதுப் பிள்ளை தானே எடுத்துக்கொள்ளும், தம்பி தங்கைக்கும் கொடுக்கும். அடுப்புப் பற்றவைக்கத் தேவையே இல்லாதவையாகப் பார்த்தேன். காலையில் இட்லி வேகும்போதே பக்கத்து அடுப்பில் தட்டைப்பயறோ பச்சைப்பயறோ சுண்டல். இன்னொரு நாள் அவித்த முட்டை, நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்குப் பஞ்சமா? ஒரு நாள் பூவன் பழமும் கடலை உருண்டையும். ஒரு நாள் இட்லி மாவில் கொஞ்சம் ராகி மாவு கலந்து ஊற்றிய பணியாரம். சனிக்கிழமை பேக்கரி உண்டு. அன்றைக்குப் பப்ஸை ஒளிக்காமல், உட்கார்ந்து, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். நாலைந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். இடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாம்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாக்கெட்தான் மலிவு என்ற நம்பிக்கை ஊன்றிவிட்டது. அஞ்சு ரூபாய்ப் பாக்கெட்டில் 12 கிராம் என்று அச்சிட்டிருந்தால், கிலோ நானூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. நல்ல நிலக்கடலைப் பருப்பு ஒரு கிலோ என்ன விலை என்று அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. பாலில்கூட அளவுக்கு அளவு அவ்வளவு கிடையாது.

மூன்றாவது வாரத்தில், நான் எதுவும் சொல்லாமலேயே, ராத்திரி ஏழரைக்குப் பெரியவன் அடுப்படிக்கு வந்து நின்றான். பசிக்குது என்றான். ஆறு மணித் தீனி நின்றுபோனதால் வந்த பசி அது. தட்டில் வைத்தது அரிசிம்பருப்புச் சாதம். பச்சரிசியில்லாமல் சாப்பாட்டு அரிசியும் துவரம்பருப்பும், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, கொஞ்சம் தேங்காய், மேலே நெய். குக்கரில் மூன்று விசில். பாக்கெட்டிலிருந்து திரும்புகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் படி எனக்குத் தெரியவில்லை. மென்மையாக இருக்கும், மணக்கும், காரம் குறைக்கலாம், காயைப் பொடியாக நறுக்கி உள்ளேயே போடலாம். பிசைந்து ஊட்டவும் வரும், ஸ்பூனில் தின்னவும் வரும்.

பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றின் பக்கத்து வீட்டிலிருந்துதான் புதிய சுவை வரவேண்டும். நூடுல்ஸ் பிடித்த பிள்ளைக்கு நேரே கொள்ளுப்பருப்பை வைத்தால் தோற்றுப்போவோம். ஆனால் நம்மிடம் சந்தவை இருக்கிறது. புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லியாக ஊற்றி வேகவைத்து, சுடச்சுட அச்சில் பிழிவது. நீளநீளமாக, வழுவழுப்பாக இருக்கும். எலுமிச்சை பிழிந்து தாளித்தால் ஒரு சுவை, தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றினால் இன்னொரு சுவை. என் பிள்ளைகளை இழுத்தது மூன்றாவது வகை: வெங்காயம், பூண்டு, நிறைய தக்காளி வதக்கி, கேரட்டும் பீன்ஸும் மெல்லிசாக நறுக்கிப் போட்டு அதில் சந்தவையைப் பிரட்டுவது. தக்காளியைச் சுருள வதக்கும்போதுதான் பாக்கெட் மசாலாவில் பிள்ளை தேடுகிற அந்தப் புளிப்பும் உறைப்பும் கலந்த ருசி கிடைக்கிறது. கல்யாணத்துக்கு மறுநாள் மட்டும் பிழிகிற பலகாரம் என்று சந்தவையை ஒதுக்கிவைத்துவிட்டோம். நாலு கை சேர்ந்தால் முக்கால் மணி வேலைதான். பிழிவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. தான் பிழிந்ததைத் தின்னாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நாக்கு எப்படிப் பழகுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பெற்றோருக்குப் பொறுமை வரும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது பிள்ளைகளின் இயல்பு. ஒரு புதிய சுவையை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து முறை வரை அது கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாமோ மூன்றாவது முறையிலேயே இவனுக்குப் பீர்க்கங்காய் ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதுவும் பிள்ளையின் காதுபட. தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு ஸ்பூன் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது போதும். தொட்டுப் பார்த்தாலும் ஒரு முறைதான், மோந்து பார்த்தாலும் ஒரு முறைதான். உப்புக்கும் இதே கதை. குறைந்த உப்புக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். முதல் பதினைந்து நாளைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

கீரை சாப்பிட்டால் சாக்லேட் என்று பேரம் பேசுவது எங்கள் வீட்டிலும் நடந்தது. அதில் கீரை தண்டனை ஆகிவிடுகிறது, சாக்லேட் பரிசு ஆகிவிடுகிறது. அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் எலின் சாட்டர் சொல்கிற பங்கீடு எனக்கு உதவியது. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். அதில் சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். கேட்க எளிது. அரைத் தட்டோடு எழுந்துபோகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது கொங்கு அம்மாவுக்கு எளிது இல்லை. நம் ஊரில் அன்பு என்றாலே இன்னும் ஒரு கரண்டி.

அந்த அன்பு பெரியவர்களிடமிருந்து வேறு வடிவத்திலும் வருகிறது. என் அம்மா எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு பை நிறைய பாக்கெட் வாங்கி வருவார்கள். பேரன் பேத்தியிடம் வெறுங்கையோடு எப்படி வருவது என்பது அவர்கள் கவலை. ஒரு தடவை நான் முகம் சுளித்துவிட்டேன். அம்மாவுக்கு மனசு வாடிப்போனது. அதன் பிறகு சின்னவளே ஒரு வழி செய்தாள். “அம்மாயி, நீங்க பண்ற கச்சாயம் வேணுங்க” என்று போனில் கேட்டாள். “அதுக்கென்ன கண்ணு, அம்மாயி நாளைக்கே சுட்டுக் கொண்டாறேன்” என்று பதில் வந்தது. கச்சாயமும் எண்ணெயில் சுட்டதுதான், வெல்லமும் சர்க்கரைக்கு உடன்பிறப்புதான். அளவாகத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் கையிலும் ஒரு வேலை இருக்கிறது.

காலைச் சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம். நம் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் காலையில் டீயும் பன்னும், அல்லது டீயும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள். டீயில் உள்ள பொருள்கள் உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிள்ளை குண்டாக இருக்கிறது, அதனால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வயிறு நிரம்பியும் ரத்தம் குறைவாக இருக்கலாம். டீயை நிறுத்திவிட்டுக் கம்பங்கூழோ முருங்கைக்கீரை போட்ட அடையோ எதையாவது ஒன்றை வையுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காய்த் துண்டோ எலுமிச்சை பிழிந்ததோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நல்லது நடந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்ட் 25-லிருந்து மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட காய் போட்ட சாம்பார். மதியம் சத்துணவில் முட்டை. வீட்டில் சாம்பாரைத் தொடாத பிள்ளை, வகுப்பே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது சாப்பிடுகிறது. பசிக்கிற நேரத்துக்கு, சூடாக, கூட்டத்தோடு கிடைக்கிறது, அதனால்தான் இறங்குகிறது. அங்கே யாரும் கெஞ்சுவதில்லை, யாரும் பேரம் பேசுவதும் இல்லை. நிறையக் கட்டணம் கட்டுகிற தனியார் பள்ளிகளின் கேண்டீன்களில்தான் நிலைமை மோசம். பள்ளி வளாகத்துக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தீனியை விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டுமே கேட்கிறோம். கேண்டீனில் என்ன விற்கிறீர்கள் என்று நாலு பேர் சேர்ந்து கேட்டால் பள்ளி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த மாற்றத்தின் சுமை முழுக்க அம்மாவின் தலையில் இறங்கினால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது. இதை அழுத்தியே சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை உழவர் சந்தைக்குப் போவது என் கணவர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு. ஆளுக்கு ஒரு காய் அவர்களே தேர்ந்தெடுக்கலாம். மாவு ஆட்டுவதும் அவர்தான். பயறு ஊறவைப்பது பெரியவனின் வேலை, ராத்திரி படுக்கப் போகும் முன். இவ்வளவும் நடந்தால்தான் வாரத்தில் ஐந்து நாள் அந்தப் போசி நிறையும். நடக்காத வாரமும் வரும். தீபாவளிக்கு முந்தின மாதம் முழுக்கக் கம்பெனியில் எக்ஸ்ட்ரா வேலை, அப்போது பிஸ்கட்டும் பழமும்தான். அதற்காக யாரும் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

திடீரென்று பயறும் சிறுதானியமும் கூட்டும்போது சில பிள்ளைகளுக்கு வயிறு உப்பும், மலம் இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீர் நிறையக் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் ஐந்தாறு பொருளைத் தவிர எதையுமே வாயில் வைக்காத பிள்ளை, சில தன்மையுள்ள உணவைத் தொட்டாலே குமட்டுகிற பிள்ளை, எடை குறைகிற பிள்ளை என்றால் அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கள் பிரிவில் வேன் இப்போதும் நாலு இருபதுக்குத்தான் வருகிறது. பாக்கெட்டுகள் இப்போதும் தொங்குகின்றன. எங்கள் தெருவில் ஒரு அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார், அப்பா லாரியில் போகிறவர். அவர்களின் பையன் தினமும் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். மூன்று மாதமாக அவன் பங்கையும் சேர்த்து எங்கள் போசியில் போடுகிறோம். அந்த அம்மா வாரம் ஒரு படி பயறும் ஒரு டஜன் முட்டையும் கொண்டுவந்து வைத்துவிடுகிறார், வேண்டாம் என்றால் கேட்பதில்லை. நேற்று மாமியார் சொன்னார், மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து அவித்த கடலைக்காய் உரித்துத் தின்றுவிட்டு, தோலைக் கூட்டி மாட்டுக்குப் போட்டார்களாம். போசியை அந்தப் பையன்தான் கழுவிக் கவிழ்த்து வைத்தானாம்.